மூக்குப் பக்கம் கேட்கவில்லை

மார்ச் 4, புதன்

காலையிலேயே வெயில். காற்று இல்லை. கிளைடர்களுக்கு மோதல் எச்சரிக்கைப் பெட்டி வந்துவிட்டது. மஞ்சள் கிளைடருக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று. ஒரு பெட்டி தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்குமாம், மற்றது அதைக் கேட்டு, கிட்டே வந்தால் கத்துமாம். பொருத்த வேண்டியது நான்.

இருபது வருஷமாக நாமக்கல்லில் லாரி வயரிங். எஞ்சின் இல்லாத கிளைடரைக் கயிறு கட்டி இழுத்து மேலே ஏற்றும் வின்ச்சுக்கு லாரி எஞ்சின், அதனால் எனக்கு இந்த மைதானத்தில் வேலை. என்னோடு வந்து வந்துதான் மகள் நிவேதாவுக்குப் பறக்கும் ஆசை. வேறு யாரைக் குறை சொல்ல.

போன வாரம் பயிற்சியில் இவள் இருந்த மஞ்சளுக்கு நேர் எதிரே வெள்ளை வந்து, கடைசி நொடியில் கீழே இறங்கிப் போனதாம். நி. சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு அவள் தனியாகப் பறக்கிறாள். முதல் தடவை.

மார்ச் 5, வியாழன்

மஞ்சளின் காக்பிட். உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிறது. பழக்க தோஷம், வயரைக் கையில் வைத்துக்கொண்டு, எர்த் கொடுக்க இரும்பு பாடியைத் தேடினேன்.

"ஏனுங்ப்பா, இது லாரி இல்லீங்க. ஃபைபர். எங்க சொருகுனாலும் எர்த் வராது" என்றாள் நி.

சரி தாயே.

செய்தது:
– ஆன்டெனா, மீட்டர் போர்டுக்கு மேலே. ஒரு சாண் குச்சி. நேராக நிற்க வேண்டும்.
– பக்கத்தில் இரும்பு, செம்பு கூடாது, ரேடியோவை மறைக்கும். புத்தகத்தில் தடித்த எழுத்தில்.
– குச்சிக்குக் கறுப்பு ரெக்சின் உறை, கண் கூசாமல் இருக்க.

பயிற்சி தரும் சுகந்தி மேடம் குனிந்து பார்த்தார். "சுத்தமான வேலைங்ண்ணா." அந்த ஒரு வார்த்தையில் இடுப்பு வலி போய்விட்டது.

மார்ச் 6, வெள்ளி

கோயில். நி. பெயர், நட்சத்திரம் சொல்லித் தகடு எழுதி வாங்கினேன். செம்பு. உள்ளங்கை நீளம்.

புது லாரி முதல் லோடு ஏற்றும் முன் டேஷ்போர்டுக்கு அடியில் தகடு வைப்பது வழக்கம். எத்தனையோ லாரிக்கு என் கையாலேயே வைத்திருக்கிறேன். என் பிள்ளை ஏறும் வண்டிக்கு இல்லாமலா?

சாயங்காலம் மைதானத்தில் யாரும் இல்லை. ஆன்டெனா உறைக்குள், முன்பக்கம், டேப் போட்டு ஒட்டினேன். செம்பு கூடாது என்று படித்தது மறக்கவில்லை. காகிதம் மாதிரி தகடு, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு நல்ல தூக்கம்.

மார்ச் 7, சனி

சோதனை. மேடம் வெள்ளையின் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு மஞ்சளைச் சுற்றி வந்தார். நான் காக்பிட்டில். பின்னால், இடம், வலம்: கோடி வேலி வரை பெட்டியில் தெரிகிறது. மூக்குப் பக்கம்: புளியமரம் தாண்டியதும் காணோம். புளியமரம் கூப்பிடு தூரம்தான்.

"வயர்ல ஏதோ கோளாறுங்ண்ணா."

"இருக்குமுங்க மேடம், பாக்கறேன்."

பொய். உள்ளுக்குள் அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் கனெக்டரை இரண்டு தடவை கழற்றி மாட்டினேன். மூன்றாம் தடவை நி. தானே உறையை உருவிவிட்டாள்.

"என்னங்ப்பா இது?"

சொன்னேன். மேடம் திட்டவில்லை. "நாளைக்கு இப்படியே போயிருந்தா?" என்று மட்டும் கேட்டார். அவமானம். அதைவிடப் பயம். அவளைக் காப்பாற்ற என்று வைத்த தகடே அவள் கண்ணைக் கட்டியிருக்கிறது, கட்டியவன் நான்.

நி. தகட்டைத் துடைத்து என் சட்டைப் பையில் போட்டாள். "மேல போறவளுக்கு முன்னாடி வாரது தெரிஞ்சாப் போதுங்ப்பா. இது கீழ நிக்கறவங்களுக்குத்தான் வேணும்."

மறுபடி சோதனை. நாலு பக்கமும் வேலி வரை.

மார்ச் 8, ஞாயிறு

பதினோரு மணி. லேசான மேற்குக் காற்று. வின்ச்சில் நான். மஞ்சள் மேலே போய்க் கயிறு கழன்றதும் சுற்றி எடுத்தேன். வெள்ளையும் மேலே.

வாக்கி டாக்கியில் நி. குரல்: "மேடம், முன்னாடி வெள்ளை. பெட்டி கத்துது. கண்ணுக்கு இன்னும் தெரியலீங்க. வலது திரும்பறேன்."

பிறகு சத்தமே இல்லை. எத்தனை நேரம் என்று தெரியாது.

"தெரியுதுங்க. தாண்டியாச்சு."

முன்னாடி என்றாள். மூக்குப் பக்கம்.

தகடு சட்டைப் பையில்தான் இருந்தது. தொடக்கூடத் தோன்றவில்லை.