பத்துக்குப் பத்து

வியாசர்பாடி
14.7.2024

என் மகிழினிக் கண்ணுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தபால்காரர் நியூசிலாந்து ஸ்டாம்பைக் கேட்டார், பேரனுக்காம். கிழித்துக் கொடுத்துவிட்டேன். கடிதத்தைக் கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

நீயே கையால் எழுதிய முதல் தமிழ்க் கடிதம். அம்மா உதவவே இல்லை என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வாத்தியார் கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தி, இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். பக்கம் முழுக்கச் சிவப்பாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே. பத்துக்கு நாலு. என் வகுப்பில் முதல் தடவையே நாலு வாங்கினால் அவன் ராஜா. திருத்தியதை எல்லாம் மறுபடி எழுதி அனுப்பு.

அப்பா போனில் பேசவே மாட்டேன் என்கிறாரே என்று உனக்குக் கோபம் இருக்கும். போன வருஷம் நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் நீ இங்கிலீஷில் பதில் சொல்ல ஆரம்பித்தாய். அன்றைக்குத்தான் போனை நிறுத்தினேன். பேச வழி இருக்கும்வரை யாரும் எழுத உட்காரமாட்டார்கள். எழுதினால்தான் அப்பா கிடைப்பார் என்று இருந்தால் எழுத்து தானாக வரும். இப்போது வந்துவிட்டதா இல்லையா?

எண்ணூரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு டேப்லெட் வந்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் அனல்மின் நிலையச் சாம்பல் வந்து திரையில் படிகிறது. பிள்ளைகள் அதைச் சட்டையாலேயே துடைத்துத் துடைத்து சட்டையெல்லாம் கலீஜ். டேப்லெட்டைத் தட்டினால் 'அ' என்று அதுவே சொல்கிறது. நான் எதற்கு என்று தெரியவில்லை.

உன் பள்ளிக்கூடத்தைப் பற்றி விவரமாக எழுது. அம்மாவை டியூட்டிக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்.

முத்தங்களுடன்,
அப்பா அசோகன்


ஹாமில்டன்
1.9.2024

அன்புள்ள தந்தையே,

தாங்கள் நலமுடன் இருக்கிறீர்கள் என நம்புகிறேன். நானும் அம்மாவும் நலம்.

எனது பள்ளியில் காலணிகள் கட்டாயமல்ல. குளிர்காலத்திலும் பலர் வெறுங்காலுடன் ஓடுகின்றனர். எங்களுக்குத் தேர்வுகள் கிடையாது. ஆண்டின் நடுவில் பெற்றோர் பள்ளிக்கு வருவார்கள். அப்போது ஆசிரியர் அமைதியாக அமர்ந்திருப்பார். நான் எதைக் கற்றுக்கொண்டேன், எது எனக்குக் கடினமாக உள்ளது என்பதை நானே பெற்றோருக்கு விளக்க வேண்டும். அம்மாவுக்கு மருத்துவமனையில் பணி இருந்தது. ஆகவே ஒரு காலி நாற்காலிக்கு விளக்கினேன். ஆசிரியர் கைதட்டினார்.

இக்கடிதத்தில் பிழைகள் இருக்காது என்று எண்ணுகிறேன்.

தங்கள் அன்பு மகள்,
மகிழினி


வியாசர்பாடி
22.9.2024

என் தங்கத்துக்கு,

பிழை தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். ஒன்றுகூட இல்லை. பத்துக்குப் பத்து. நான் யாருக்கும் இதுவரை பத்து போட்டதில்லை, எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரை வேண்டுமானாலும் கேள்.

இங்கே பிள்ளைகளுக்கு வந்த இலவச ஷூ அளவு சரியில்லை என்று நான் ஆபீசுக்கு நடையாய் நடக்கிறேன். அங்கே இருக்கிற ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுகிறீர்கள். பரீட்சையே வைக்காமல் ஒரு பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் உன் கடிதத்தைப் பார்த்தால் ஏதோ சரியாகத்தான் செய்கிறார்கள். காலி நாற்காலி விஷயம்தான் மனதைப் பிசைந்துவிட்டது. நான் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும் கண்ணு.

ஹெட்மிஸ்ட்ரஸ் அஜீசுன்னிசா மேடம் உன் கடிதத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். என் வகுப்பில் ரூஹி என்று ஒரு வாயாடி. "இன்னாத்துக்கு சார் எழுதணும்? போன்ல சொன்னா அதுவே எழுதிக்கினு போவுது. எங்கம்மா அப்டித்தான் மெசேஜ் அனுப்பிக்கினு கீது" என்றாள். "அது தப்பா எழுதினா உங்கம்மாவுக்குத் தெரியுமா? என் பொண்ணப் பாரு, கடல் தாண்டிப் போயும் கையால எழுதுது" என்றேன். எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

போனை நிறுத்தியது சரிதான் என்று உன் அம்மா இப்போதாவது ஒப்புக்கொள்வாளா, கேட்டுச் சொல்.

அப்பா அசோகன்


ஹாமில்டன்
20.10.2024

மாமாவுக்கு,

சுகிர்தம் எழுதுகிறேன். மெசேஜில் சொன்னால் பாதியிலேயே வாதாட ஆரம்பிப்பீர்கள். அதனால் உங்கள் வழிக்கே வந்துவிட்டேன்.

நீங்கள் பத்து போட்ட கடிதம் நம் மகள் எழுதியது இல்லை. ஜூலையில் உங்கள் கவர் வந்தபோது, அப்பா ஏதோ அனுப்பியிருக்கிறார் என்று ஆசையாகப் பிரித்தாள். உள்ளே அவள் கடிதமே திரும்பி வந்திருந்தது. "அப்பாவுக்கு வேணாமாம்மா?" என்று கேட்டாள். நாலு வாங்கினால் ராஜா என்று எழுதியிருக்கிறாரே என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப ஏன் திருப்பி அனுப்பினாரு?" என்றாள். இங்கே பிள்ளை எழுதியதன்மேல் யாரும் பேனா வைக்கமாட்டார்கள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சொல்ல வந்தாய் என்று கேட்பார். உங்கள் நாலு ஆசையாகப் போட்ட நாலு என்று எனக்குத் தெரியும், பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அதிலிருந்து இங்கிலீஷில் போனிடம் சொல்கிறாள். அது தமிழில் போட்டுக் காட்டுகிறது. அதைப் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரி வரைகிறாள். முதல் கடிதத்தில் தட்டுத்தடுமாறிக் கூட்டிய எழுத்தும் போய்விட்டது; தான் எழுதியதையே இப்போது அவளால் படிக்க முடியாது. உங்கள் கடிதங்களையும் போன்தான் வாசித்துக் காட்டுகிறது.

போர்டைப் பார்த்து எழுதிவிட்டு வாசிக்கத் தெரியாமல் நிற்கிற பிள்ளையை ஒரே பார்வையில் பிடித்துவிடுவேன் என்பீர்களே. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, எனக்கும் அழுகைதான் வருகிறது. பிடிவாதத்தை விட்டுவிட்டு அவளுக்குப் போன் செய்யுங்கள்.

சுகிர்தம்


வியாசர்பாடி
10.11.2024

மகிழ்க் கண்ணுக்கு,

போன ஞாயிறு போன் செய்தேன். உன் குரல் கொஞ்சம் பெரிய பெண் குரல் ஆகிவிட்டது. எனக்கு அழுதுவிடுவேன் போல இருந்தது. அதை மறைக்கப்போய் வகுப்பில் கத்துகிற மாதிரி கத்திவிட்டேன் போலிருக்கிறது. நீ ஓகே, ஓகே என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டாய்.

வேண்டாம் என்று நான் திருப்பி அனுப்பவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் நோட்டைத் திருத்திக் கொடுத்தால்தான் படித்துப் பார்த்தார் என்று அர்த்தம். சிவப்பு மை இல்லாமல் நோட்டு திரும்பி வந்தால் "சார் என்னுதப் பாக்கவே இல்ல" என்று பிள்ளைகள் அழும். உன் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் வாத்தியாராக இருந்து இருந்து, உனக்கும் வாத்தியாராகவே இருந்துவிட்டேன்.

அந்த முதல் கடிதத்தில் நீ என்ன எழுதியிருந்தாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். பிழைகள்தான் நினைவுக்கு வருகின்றன. நீ சொன்னது ஒன்றுகூட நினைவில் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் அனுப்பிவை.

நோட்டீஸ் போர்டில் இருந்ததை எடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்ட ரூஹியிடம் உள்ளதைச் சொன்னேன். "உடுங்க சார், பேஜாராவாதீங்க. நானும் மொதல்ல வரைஞ்சிக்கினுதான இருந்தேன்" என்றாள்.

இனித் தமிழோ இங்கிலீஷோ, போன் எழுதிக் கொடுத்தாலும் சரி. ஞாயிறுதோறும் கூப்பிடுகிறேன். எடுத்துப் பேசு கண்ணு. எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அப்பா


ஹாமில்டன்
8.12.2024

அன்புள்ள தந்தையே,

தங்கள் கடிதம் கிடைத்தது. இதையும் கைபேசிதான் எழுதித் தருகிறது. தாங்கள் அனுமதித்ததற்கு நன்றி.

முதல் கடிதம் இப்போது என்னிடம் இல்லை. தாங்கள் எங்களைப் பார்க்க எப்போது வருவீர்கள் என்று அதில் கேட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்கள் அழைக்கும்போது நான் அருகில்தான் இருக்கிறேன். எடுக்க எனக்குப் பயமாக உள்ளது. நான் கோபமாக இல்லை.

தங்கள் கடிதங்களைக் கைபேசி எனக்குப் படித்துக் காட்டும். அந்தக் குரல் மெதுவாகப் பேசும். எனக்குப் புரியவில்லை என்றால் கோபமின்றி மீண்டும் படிக்கும். அம்மா வேலைக்குச் சென்ற பிறகு பழைய கடிதங்களையும் கேட்பேன். நெடுநாட்களாக அந்தக் குரலையே அப்பாவின் குரல் என்று நினைத்துக்கொள்கிறேன். தொலைபேசியில் பேசியவர் வேறு யாரோ போல இருந்தார்.

ஆகவே, தயவுசெய்து இனி அழைக்க வேண்டாம். கடிதம் மட்டும் அனுப்புங்கள். நீளமாக எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகள்,
மகிழினி