தம்பதியர் என்று போட்டிருக்கிறார்கள்

இன்று மதியம் போனைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு, தேவராஜ அரசு சாலைக்குப் பின்னாலுள்ள சந்தில் காத்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் சால்டரிங் அயர்னை ஈயக் கம்பியில் வைத்தார். மெல்லிய புகை எழுந்தது. பிசின் கருகுகிற அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் சமையலறை மேசை கண்முன் வந்துவிட்டது. ஒரு பக்கம் நறுக்கிய பீன்ஸ், மறுபக்கம் கழற்றிப் போட்ட ஆம்ப்ளிஃபயர். "பொரியல்ல ஈயம் விழுந்துட்டா என்னடி பண்ணுவே?" என்று கேட்டால், "அதுக்குத்தான் தட்டுப் போட்டு மூடியிருக்கறேன், கண்ணு தெரியலையா?" என்பாய்.

அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. இந்த வாரம் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நாம் இரண்டு பேரும் கொள்ளேகாலத்துக்காரிகள். வாழ்க்கைப்பட்டு மைசூருக்கு வந்தவர்கள். நஞ்சன்கூடு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் பக்கத்துப் பக்கத்து மேசை. கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் தூங்கி வழியும்போது நீ மட்டும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பாய். "பாட்டு கேக்குதுடி. ஆனா பாடறவங்க எங்க உக்காந்திருக்கறாங்கன்னு தெரியமாட்டேங்குது" என்று ஒரு நாள் சொன்னாய். அதைத் தெரிந்து என்ன செய்யப் போகிறாய் என்றேன். "ரெண்டு கண்ணு இருக்கறதாலதான தூரம் தெரியுது? காதும் ரெண்டு இருக்குதில்ல?" என்றாய்.

அப்படித்தான் ஆரம்பித்தது. யாதவகிரியில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது, ஒரு பக்கம் ஒலி செத்துப்போன ஆம்ப்ளிஃபயர் ஒன்று உனக்குக் கிடைத்தது. மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாய். அதற்கு உயிர் கொடுக்க ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. பிறகு ஸ்பீக்கர் பெட்டிகள். நீ வரைந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த தச்சர், "கோழிக்கூடாம்மா?" என்று கேட்டார். பெட்டிக்குள் எதிரொலி வராமலிருக்க இலவம்பஞ்சு வேண்டியிருந்தது. அன்று இரவு உன் வீட்டுக்காரர் தலையணையைத் தேடியபோது, "அது இப்பப் பாட்டு கேட்டுட்டு இருக்குதுங்க" என்று நீ சொன்னாயாம். மறுநாள் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

ஒயர் வாங்கப் போன கடையை மறந்திருக்க மாட்டாய். விற்பனையாளன் உன்னை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தான். "யஜமான்ரு பரலில்வா?" என்று கேட்டான். வீட்டுக்காரர் வரவில்லையா என்று. எனக்கு ரத்தம் கொதித்தது. நீயோ அமைதியாகக் கன்னடத்தில் பதில் சொன்னாய்: "அவர் வந்தால் நீங்கள் காட்டுவதை எல்லாம் வாங்கிவிடுவார். அதனால்தான் கூட்டி வரவில்லை." திரைச்சீலைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று ஒரு வெள்ளை ஸ்பீக்கரை எடுத்து வைத்தான். நீ கேட்ட ஒயரை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினாய்.

எல்லாம் முடிந்து, நீ என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏதோ ஒரு கச்சேரியில் பதிவு செய்த வீணை இசைத்தட்டு. ஸ்பீக்கர்களை விரல் அளவு இப்படியும் அப்படியும் நகர்த்தி, தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தாய். வீணை நடுவில் ஒலித்தது. அங்கே பெட்டி எதுவும் இல்லை, வெறும் சுவர்தான். தந்தியில் நகம் படும் ஓசைகூடக் கேட்டது. திடீரென்று எனக்கு இடப்பக்கம் யாரோ இருமினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. நீ கைதட்டிக் குதித்தாய். "ஏமாந்தியா! அது கச்சேரிக்கு வந்த ஆளுடி! எந்தக் காலத்துல இருமுனானோ!" அன்றைக்கு உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை உன் பிள்ளைகளின் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

செய்தி பரவி, ஊரிலுள்ள ஸ்டீரியோ ஆர்வலர் சங்கத்துக்காரர்கள் உன் வீட்டுக்கு வந்தார்கள். நானும் இருந்தேன். நடு நாற்காலியில் சங்கத் தலைவர் உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உன் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அற்புதம் சார்! சர்க்யூட்டெல்லாம் நீங்களே போட்டீர்களா?" அவர் ஒரு சிரிப்பு சிரித்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீ அப்போதுதான் காப்பித் தட்டோடு வந்தாய். நான் வாயைத் திறந்தேன். என் காலை மிதித்தாய்.

அவர்கள் போன பிறகு உன்னோடு சண்டை போட்டேன். "உன்ற வேலையை இன்னொருத்தர் பேர்ல எழுதிட்டுப் போறாங்க, நீ காப்பி குடுக்கறயா?" என்றேன். "விடுடி. பாட்டு கேட்டப்ப அவங்க மொகத்தப் பாத்தீல்ல? எனக்கு அது போதும்" என்றாய். எனக்குப் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.

அப்புறம் அந்தக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தபோதே உன்னைக் கொண்டுபோய்விட்டது.

சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு உன் வீட்டுக்காரரைக் கௌரவிக்க அழைத்தார்கள். "தனியாப் போக ஒரு மாதிரியா இருக்குதும்மா, நீயும் வா" என்றார். போனேன். விளக்கை அணைத்து ஒரு வீடியோ போட்டார்கள். உன் கூடம், உன் பெட்டிகள், உன் சாக்பீஸ் கோடுகள். "மைசூரின் கனவு ஸ்டீரியோ. கட்டியவர்" என்று போட்டு அவர் பெயர். கடைசியில் மாலை போட்ட உன் படம் வந்தது. தலைவர் மைக்கில் உருகினார்: "இத்தனை வருடம் இந்தப் பைத்தியத்தைப் பொறுத்துக்கொண்ட அம்மையாருக்கு நம் அஞ்சலி."

பொறுத்துக்கொண்டவளாம்!

சால்வை போர்த்தினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்துவிட்டேன். எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை.

"அண்ணா, நீங்களே சொல்லுங்க. இத யாரு கட்டுனது?"

உன் வீட்டுக்காரர் பக்கம் எல்லாரும் திரும்பினார்கள். அவர் தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அவதாம்மா" என்றார். பிறகு மைக்கைப் பிடித்து எல்லாருக்கும் கேட்கும்படி கன்னடத்தில் சொன்னார்: "அவளே மாடித்து. நனகே ஏனூ கொத்தில்லா." அவள்தான் செய்தாள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று.

எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு நொடிதான். தலைவர் அவர் தோளைத் தட்டிக்கொண்டு மைக்கை வாங்கினார். "பார்த்தீர்களா, எவ்வளவு பெரிய மனசு! தான் செய்ததை எல்லாம் மறைந்த மனைவியின் பெயரில் அர்ப்பணிக்கிறார்!"

முன்பைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். ஒரு ஆள் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னாலும் அதை அடக்கம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள் என்றால், உண்மையை இன்னும் எந்த மொழியில்தான் சொல்வது? நீ கட்டியிருப்பாய் என்று அங்கே ஒருவருக்குமே தோன்றவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. நீ அவர்கள் கண்ணிலேயே படவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் மடித்த சால்வையோடு என் வீட்டு வாசலில் நின்றார். சவரம் செய்திருக்கவில்லை. "இத வீட்டுல வெச்சுட்டு என்னால அந்தக் கூடத்துல உக்கார முடியலம்மா" என்றார். அன்றைக்குத் தலைவர் முன்னால் சிரித்து மழுப்பியபோது இது தெரியவில்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. "வாங்க, குடுத்தவங்ககிட்டயே குடுத்துட்டு வந்தரலாம்" என்றேன். இரண்டு பேரும் தலைவர் வீட்டுக்குப் போனோம். உன் வீட்டுக்காரர் சால்வையை மேசைமேல் வைத்து, நான் கட்டவில்லை, என் மனைவி கட்டினாள், அவள் பெயரைப் போடுங்கள் என்று தெளிவாகச் சொன்னார். இந்த முறை அவர் குரல் தடுமாறவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது.

தலைவர் சிரித்தார். "ஒரே குடும்பம்தானே சார், யார் செய்தால் என்ன?"

"யார் செஞ்சா என்னன்னா, மொதல்ல எதுக்கு சார் இவரு பேரப் போட்டீங்க?" என்றேன். தலைவர் உள்ளே பார்த்து, காப்பி கொண்டு வரச் சொன்னார். நாங்கள் குடிக்காமல் எழுந்து வந்தோம்.

இந்த வாரம் வீடியோவின் தலைப்பை மாற்றிவிட்டார்கள். "மைசூரின் கனவு ஸ்டீரியோ. கட்டியவர்கள்: தம்பதியர்." உன் வீட்டுக்காரர் பெயர் முதலில். உன் பெயர் இல்லை, "மற்றும் திருமதி" என்றிருக்கிறது. பெரிய சலுகை செய்த மாதிரி தலைவரே எனக்குப் போன் செய்தார்.

"மாத்திட்டோமே மேடம். இன்னும் என்ன கோபம்?"

"பாதிதான் மாத்தியிருக்கீங்க சார். அவளுக்கு ஒரு பேரு இருக்குது" என்று சொல்லி, உன் பெயரை எழுத்து எழுத்தாகக் கூட்டிச் சொன்னேன். எழுதிக்கொள்கிறேன் என்றார். எழுதிக்கொண்டிருக்க மாட்டார். பரவாயில்லை. நாளைக்கும் கூப்பிடுவேன், மறுநாளும் கூப்பிடுவேன். என் எண்ணைப் பார்த்ததும் அவர் பெருமூச்சு விடட்டும். உன் வீட்டுக்காரரும் தன் பங்குக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

உனக்குக் கோபப்படத் தெரியவே தெரியாது. கடையில், சங்கத்துக்காரர்கள் முன்னால், உன் கூடத்திலேயே உனக்கு வர வேண்டிய கோபத்தை எல்லாம் சிரித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டாய். அதெல்லாம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன், வேலைக்குப் போகிறேன், வீடு திரும்புகிறேன். நீ நினைக்கிற மாதிரி அது ஒன்றும் கனக்கவில்லை.