மீனாவின் காது அச்சு

பிப்ரவரி 3, திங்கள்

கடும் பனி. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வண்டி ஓட்டினேன். பள்ளித் தண்ணீர் மோட்டார் மறுபடி ரிப்பேர். எட்டாம் வகுப்புப் பெண்கள் கழிப்பறைக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். எலக்ட்ரீஷியன், "நாளைக்கு வரேன் மேடம்." போன வாரமும் இதேதான் சொன்னார்.

கலைவாணி வரும் நாள். திங்களும் வியாழனும் எங்கள் பள்ளி, மற்ற நாட்களில் வேறு பள்ளிகள். ஓரிக்கையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். காது கேளாத பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியை. சம்பளம் மத்திய அரசுத் திட்ட நிதியில் இருந்து. எங்கள் பள்ளியில் முக்கால்வாசி நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், மீதி கூலி வேலைக்காரர் பிள்ளைகள். காசு கொடுத்துப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்ப யாராலும் முடியாது. அந்தத் திட்டம் எனக்கு எப்போதுமே ஃபைலாகத் தெரிந்ததில்லை. தோளில் பையோடு வாசலில் நுழையும் கலைவாணியாகத்தான் தெரியும்.

இந்த வருடம் அந்த நிதி வரவில்லை. டெல்லிக்கும் சென்னைக்கும் ஏதோ இழுபறி. கலைவாணிக்குச் சம்பளம் வந்தால் வரும், இல்லையென்றால் இல்லை.

மூன்றாம் வகுப்பு மீனா காது கேட்கும் கருவியைக் கழற்றிப் பென்சில் டப்பாவில் போட்டுவிட்டாளாம். மாட்டினால் 'கீ...' என்று கத்துகிறது. வகுப்பே சிரிக்கிறது. கலைவாணி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மிஷின் நல்லாதான் இருக்குது மேடம். காதுக்குள்ள வெக்கிற அச்சு சின்னதாயிடுச்சி. பொண்ணு வளந்துட்டா இல்ல?"

முன்பெல்லாம் மருத்துவ முகாம் நடக்கும், அங்கேயே புது அச்சு எடுத்துவிடுவார்கள். இந்த வருடம் முகாமே இல்லை.

பிப்ரவரி 5, புதன்

வட்டாரக் கல்வி அலுவலகம், நிதி பற்றிக் கேட்க. தலைமையாசிரியை என்றாலும் மதியம் வரை பெஞ்சில். அங்கிருந்த தம்பி மரியாதையானவன், டீ வாங்கிக் கொடுத்தான். "மேல இருந்து ரிலீஸ் ஆவல மேடம். நாங்களே சம்பளம் இல்லாமதான் உக்காந்துக்கினு இருக்கோம்."

அவனிடம் என்ன சண்டை போடுவது. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

காது வளர்வதற்கு யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை.

மோட்டார் ஓடுகிறது. முழங்கால் வலி. சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

மீனா நேற்றும் இன்றும் வரவில்லை. கலைவாணி வந்து காத்திருந்தாள். பஸ் செலவு வீண்.

போகும்போது கேட்டாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கூப்பிடுகிறார்களாம், மாதம் தவறாமல் சம்பளம். "நான் என்ன பண்ணட்டும் மேடம்? நீங்களே சொல்லுங்க."

புருஷனுக்கு நிலையான வேலை இல்லை. இரண்டு குழந்தைகள். போகாதே என்று எந்த வாயால் சொல்வது? போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. "யோசிச்சு முடிவெடும்மா" என்றேன். அவள் ஏற்கெனவே யோசித்து முடித்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டாள் என்று பிறகுதான் உறைத்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

பள்ளி விட்டதும் பிள்ளையார்பாளையம். மீனா வீடு. தெருவில் சாயத் தண்ணீர், வண்டியை முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். அப்பா தறியில். அம்மா செல்வி ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்தாள்.

"அத மாட்டினா பசங்க சிரிக்கிறாங்கன்னு ஒரே அழுவ மேடம். வூட்லயே கெடக்கட்டும்னு அவுங்க அப்பா சொல்லிட்டாரு."

அப்பா தறியை நிறுத்தாமலே சொன்னார்: "காது கேக்காத பொண்ணு பள்ளிக்கூடம் போயி என்னா பண்ணப் போவுது மேடம்? இங்கன்னா எங்க கண்ணு முன்னால இருக்கும்."

கோபம் இல்லை அவர் குரலில். அசதிதான். என்னுடையது மாதிரியே.

மீனா கதவின் பின்னால் நின்றாள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது ஒரு சொல் கிடையாது அவளிடம். எல்லாவற்றுக்கும் கையை நீட்டுவாள். கலைவாணி ஒரு வருடம் அவள் விரல்களைத் தன் தொண்டையில் வைத்து வைத்து 'அம்மா' வரவைத்தாள். அன்று செல்வி பள்ளி வாசலில் உட்கார்ந்து அழுதது நினைவிருக்கிறது. இப்போது 'தண்ணி', 'வா', 'பூ', 'டீச்சர்', இன்னும் எத்தனையோ. இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வதுதான் இன்னும் வரவில்லை.

என்னைப் பார்த்து "டீச்ச" என்றாள். கடைசி எழுத்து காணோம். சில நாள் கருவி இல்லாததற்கே இப்படி.

பிப்ரவரி 10, திங்கள்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். வந்தவர்கள் குறைவு. தலைவர் நூர்ஜஹான், ஐந்தாம் வகுப்பு இம்ரானின் அம்மா, வீட்டில் தையல் வேலை. நிதி வராத கதையை நான் விளக்கிக்கொண்டே போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மேடம், அது வரப்ப வரட்டும். அந்தக் காது அச்சு எங்க எடுப்பாங்க? அத மொதல்ல சொல்லுங்க."

கலைவாணி சொன்னாள், ஜி.எச்.சில் எடுப்பார்கள், ஆனால் நிறைய நாள் ஆகும், பெற்றவர்கள் யாராவது கூட வர வேண்டும்.

"செல்விய நான் இட்டுக்கினு வரேன். அவுங்க வூட்டுக்காரர்கிட்டயும் நானே பேசிக்கிறேன்."

பேசிவிட்டார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை.

மதிய உணவில் இன்று முட்டை சின்னது. பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பிப்ரவரி 12, புதன்

ஜி.எச். நான், செல்வி, நூர்ஜஹான், மீனா. கலைவாணிக்கு இன்று வேறு பள்ளி. மதியம் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து நின்றாள். நான் கூப்பிடவில்லை.

காதுக்குள் பஞ்சு வைத்து, பசை மாதிரி ஒன்றை ஊசிக் குழாயால் விடுகிறார்கள். மீனா குழாயைப் பார்த்ததும் ஊசி போடப் போகிறார்கள் என்று அலறினாள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். செல்வி பிடிக்க, அவள் கடிக்க, டெக்னீஷியன், "அமைதியானதும் கூப்பிடுங்க, அடுத்தவங்க வாங்க."

கலைவாணி அவரிடம் கெஞ்சிக் கொஞ்சம் பசை வாங்கினாள். அதை மீனாவின் உள்ளங்கையில் வைத்தாள். அது குளிர்ச்சியாக இருக்கும் போல, மீனா அழுகையை நிறுத்திப் பிசைந்தாள். பிறகு கலைவாணி தலையைச் சாய்த்து, "எனக்கு மொதல்ல போடுங்க சார்" என்றாள். அவரும் பஞ்சு வைத்துப் போட்டார். இறுகும் வரை அவள் அப்படியே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே எடுத்தபோது மீனா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தானே தலையைச் சாய்த்தாள்.

ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். நூர்ஜஹான் எல்லோருக்கும் கரும்புச் சாறு வாங்கித் தந்தார்.

பிப்ரவரி 13, வியாழன்

கலைவாணி அந்தப் பள்ளியில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மார்ச்சிலிருந்து அங்கே. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்லா இரும்மா" என்றேன். அது மட்டும் மனதார.

அவளுக்குப் பதில் ஆள் கேட்டு வட்டார அலுவலகத்துக்குக் கடிதம். நிதி வந்தால்தான் புது ஆள் என்பது எழுதும்போதே தெரியும்.

பிப்ரவரி 21, வெள்ளி

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. மோட்டார் இன்னொரு முறை ரிப்பேர்.

அச்சு நேற்று வந்தது. பொருந்திவிட்டது, 'கீ' இல்லை. இன்று மீனா முதல் மணிக்கே வந்துவிட்டாள். செல்வி கொண்டுவந்து விட்டாள். நேற்று சாயங்காலம் வீட்டில் கருவியோடு தறிக்குப் பக்கத்தில் போய் நின்றாளாம். "சத்தம், சத்தம்னு சொல்லிக்கினே அவுங்க அப்பா முதுவ தட்டுது மேடம். அவரு தறிய நிறுத்திட்டாரு. காலைல அவருதான் தலை வாரி அனுப்பினாரு."

நன்றாகத் தூங்கினேன், வெகு நாளைக்குப் பிறகு.

பிப்ரவரி 27, வியாழன்

கலைவாணியின் கடைசி நாள். ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு புடவை, ஸ்வீட் பாக்ஸ். நிதி பற்றி ஒரு செய்தியும் இல்லை.

மீனாவிடம் எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து யோசித்தோம். சைகையில் காட்டினால் ஊருக்குப் போய்த் திரும்புவாள் என்று நினைத்துக்கொள்வாள். கடைசியில் கலைவாணி வழக்கம்போல எதிரே உட்கார்ந்தாள். மீனாவின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்தாள். நிதானமாக, வாயைத் திறந்து காட்டி:

"நான் போறேன்."

மீனா அவள் உதட்டையே பார்த்தாள். ஒருமுறை காற்றுதான் வந்தது. மறுமுறை தெளிவாக, எழுத்து ஒன்றும் விழாமல்:

"நான் போறேன்."

இரண்டு சொல், சேர்த்து. முதல் தடவை. வகுப்புப் பிள்ளைகள் கை தட்டிவிட்டார்கள். மீனா கலைவாணியைப் பார்த்தாள், பாராட்டுக்கு. கலைவாணி தலையாட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

மணி அடித்ததும் மீனா என் அறைக்கு ஓடி வந்து சொன்னாள், நான் போறேன். சமையல் அம்மாவிடம் சொன்னாள். கேட்டில் செல்வியிடம் சொன்னாள். தெருவில் போகும்போதும் சொல்லிக்கொண்டே போனாள், எல்லோரையும் பார்த்துச் சிரித்து.