மில் ஸ்டாப்புக்குப் போகும் வண்டி

அன்புக் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது,

நலம் என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும், ஆகவே நலம். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறார், படுத்ததும் தூங்கிவிடுகிறார், எனக்கும் கண் எரிச்சலைத் தவிர ஒரு குறையும் கிடையாது. உன் இருமல் விட்டதா, மாப்பிள்ளை இன்னும் ராத்திரி ஷிப்டுக்குத்தான் போகிறாரா, எழுது. இதைத் திரைச்சீலைக் கடையில் துணி வெட்டும் மேசைமேல் வைத்து எழுதுகிறேன், முதலாளியம்மா சாப்பிடப் போயிருக்கிறாள். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போன் அடித்தால் அப்பாதான் ஓடி வந்து எடுக்கிறார், உன்னிடம் பேசும்போது மட்டும் அப்படி ஒரு தெளிவு, உங்கள் பக்கம் மழை எப்படி என்கிறார், மாப்பிள்ளை பல்வலியைக்கூட மறக்காமல் விசாரிக்கிறார், வைத்த கையோடு என்னிடம் திரும்பி "டெப்போவுலேர்ந்து பேசினாங்க, நாளைக்கும் நமக்குத்தான் முதல் டிரிப்பாம்" என்கிறார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே உன்னிடம் எப்படிப் பேசுவேன் சொல்.

நீ வாங்கி அனுப்பிய, உட்கார்ந்து ஓட்டும் நாலு சக்கரப் பேட்டரி வண்டியில் ஒரு குற்றமும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடக்க முடியாமல் ஜன்னலையே வெறித்துக்கொண்டிருந்த மனிதர் அது வந்த பிறகுதான் முகம் கழுவித் தலை சீவ ஆரம்பித்தார். இந்த மாதிரி பேட்டரி வண்டிகளுக்கெல்லாம் புதுச் சட்டம் வந்த அன்று நம் கட்டிடத்து லிப்ட் பக்கத்தில் ஒட்டிய அறிவிப்பை முழுக்கப் படித்து, மேல் மாடியில் குடியிருக்கும், பேட்டரிப் பலகை வண்டியில் நின்றபடியே பறக்கும் பசங்களுக்கெல்லாம் விளக்கமும் சொன்னார். நடைபாதையில் ஏறினால் மனிதன் நடக்கிற வேகம்தான், சைக்கிள் பாதையில் கொஞ்சம் கூடுதலாகப் போகலாம், பெரிய சாலையில் இறங்கவே கூடாது, ஒரு வண்டியில் ஒரு ஆள்தான், பேட்டரியில் அரசு முத்திரை இருக்க வேண்டும். "நல்ல சட்டம், இதை எப்பவோ போட்டிருக்கணும்" என்று பாராட்டு வேறு. வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டி ஒரு நாயைக்கூட இடிக்காதவர் ஆயிற்றே, சட்டம் என்றால் அவருக்கு ஒரு சந்தோஷம். நானும் நிம்மதியாக இருந்தேன், கெட்டிக்காரிதான் நான்.

முதலில் பழைய காக்கிச் சட்டையைத் தேடி எடுத்து இஸ்திரி போடச் சொன்னார். சரி, ஆசைப்படுகிறார், போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டேன். பிறகு வண்டியை எடுக்கும் முன் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்த்தார், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு நாள் முதலாளியம்மா கடைக்கு வந்ததும் வராததுமாக "உன் வீட்டுக்காரர் ஏன் ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் நின்னு நின்னு போறார்?" என்று கேட்டாள். மறுநாள் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போய்ப் பார்த்தேன் குட்டிம்மா. மருந்துக்கடை ஸ்டாப்பில் நிறுத்தினார், திரும்பிப் பார்த்தார், எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். பள்ளிக்கூடத்து ஸ்டாப்பிலும் அதே. நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது, அவர் தன் பழைய பஸ் ரூட்டில் போய்க்கொண்டிருந்தார்.

அந்த ரூட் எங்கே முடியும் என்று உனக்கே தெரியும், சின்ன வயதில் அவர் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்து எத்தனை தடவை போயிருப்பாய். மில் ஸ்டாப். இப்போது மில்லும் இல்லை ஸ்டாப்பும் இல்லை, நீ போன பிறகு அந்த இடத்தின் நடுவிலேயே வேகச் சாலையைப் போட்டுவிட்டார்கள். பாலம் வரைக்கும்தான் நடைபாதையும் சைக்கிள் பாதையும், பாலத்தைத் தாண்டினால் லாரிகள்தான், ஒரு மனிதத் தலை தெரியாது. இத்தனை நாள் என்னைக் காப்பாற்றியது பேட்டரிதான், பாலத்து மேட்டில் ஏறும்போதே பாதி தீர்ந்து சிவப்பு விளக்கு வந்துவிடும், டீசல் பத்தாது என்று திரும்பிவிடுவார். திரும்பி வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். "மில் ஸ்டாப்புல ஆளுங்க நிக்கிறாங்க. அவங்களை ஏத்தாம வந்துட்டேன்" என்பார். யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுத் தொலைத்தேன், "எல்லாரும்தான்" என்றார். அதற்குப் பிறகு கேட்பதில்லை.

சாவியை ஒளித்துவை என்று நினைப்பாய். ஒளித்தேன். சாவியைக் காணவில்லை என்றதும், தன் பஸ்ஸை யாரோ கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அந்த முழங்காலோடு நடந்தே தேடப் போய்விட்டார், சாலையின் நடுவில், பஸ் போகிற தடத்தில். ஒரு தண்ணீர் லாரிக்காரன் பிரேக் போட்டு இறங்கி, திட்டவும் மனம் வராமல் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டான். அன்று மாலையே சாவியைக் கொடுத்துவிட்டேன். ஞாபக மறதி டாக்டரிடம் தேதி வாங்கியிருக்கிறேன், அது அடுத்த மாதம், அவர் எழுதிக் கொடுத்து, அதைப் பார்த்து இன்னொருவர் ஓட்டக்கூடாது என்று முடிவு செய்ய எத்தனை நாள் ஆகுமோ.

சட்டம் வந்ததிலிருந்து தபால் ஆபீஸ் திருப்பத்தில் காலையில் சோதனைக்கு நிற்கிறார்கள். அதில் ஒரு பெண் அதிகாரி இருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும், நல்ல பெண். அவளைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லி, எப்படியாவது வண்டியைப் பிடித்து வைத்துக்கொள் தாயே என்று கேட்டேன். பாவம், அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. "முத்திரை இருக்கு, டாக்டர் சீட்டு இருக்கு, என் கண்ணு முன்னாடி ஒழுங்காத்தான் ஓட்டுறார். நான் எதைச் சொல்லிப் பிடிக்கிறதும்மா? நெஞ்சுல கேமரா மாட்டியிருக்கேன், நடிக்கக்கூட முடியாது" என்றாள். சாலையில் இறங்கினால் வயதானவர்களுக்கு எச்சரிக்கைச் சீட்டு மட்டும்தானாம். அந்த இடத்திலேயே வண்டியைப் பிடுங்க வேண்டுமென்றால் மூன்றே காரணம், முத்திரையில்லாத பேட்டரி, யாரையாவது இடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேர் ஏறியிருக்க வேண்டும். நீ பார்த்துப் பார்த்து எல்லாக் காகிதத்தோடும் அனுப்பினாயே, அதுதான் இப்போது தொல்லை.

முந்தாநாள் நீ அனுப்பிய பெரிய பேட்டரி வந்து சேர்ந்தது. அவர்தான் போனில் கேட்டாராமே, நீயும் அப்பா ஆசையாகக் கேட்கிறார் என்று அனுப்பியிருக்கிறாய், உன்மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை, நீ அழாதே. அவரே உட்கார்ந்து மாட்டிவிட்டார், கை மட்டும் ஒன்றையும் மறக்கவில்லை. இரண்டு நாளாக விடாமல் மழை, அதனால் வண்டியை வெளியே எடுக்கவில்லை. இன்று காலை மழை விட்டுவிட்டது. சார்ஜ் முழுதாக ஏறட்டும், நாளைக்கு மில் வரைக்கும் டிரிப் என்று சட்டையை எடுத்து ஆணியில் மாட்டியிருக்கிறார். இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது.

அதனால் நாளைக் காலை நானும் ஏறப்போகிறேன். தினமும் கூப்பிடுகிறவர்தான், "ஏறும்மா, சீட்டு காலியாத்தான் இருக்கு" என்று. கல்யாணத்துக்கு முன்னால் அவர் பஸ்ஸில்தான் இந்தக் கடைக்கு வருவேன், உட்கார இடம் இருந்தாலும் அவர் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருவேன், அந்தக் கதையெல்லாம் உனக்கு எதற்கு. வண்டிக்குப் பின்னால் கூடை வைக்கும் இடத்துக்குக் கடையில் மிஞ்சிய பஞ்சில் ஒரு மெத்தை தைத்து வைத்திருக்கிறேன். தபால் ஆபீஸ் திருப்பத்தில் அவர்கள் நின்றால் இரண்டு பேரைப் பார்த்துப் பிடித்துத்தான் ஆக வேண்டும். செக்கிங் அதிகாரி வண்டியை நிறுத்தி வைத்துவிட்டால் டிரிப் ரத்து, டிரைவர் வீட்டுக்குப் போகலாம், இது அவர் ரத்தத்தில் ஊறியது. நான் பிடுங்கினால் திருட்டு, காக்கிச் சட்டை பிடுங்கினால் உத்தரவு, தேடிக்கொண்டு போகமாட்டார். வேண்டுமென்றே நான்தான் காட்டிக் கொடுத்தேன் என்று அவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தாலும் மறந்துவிடுவார் என்று நினைத்தேன், அப்படி நினைத்ததற்கு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஒரே ஒரு பயம்தான். நாளைக்குத் திருப்பத்தில் நிற்பீர்களா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன், எந்த இடத்தில் டியூட்டி என்று காலையில்தான் சொல்வார்களாம். அவர்கள் இல்லாவிட்டால் பாலம், பாலம் தாண்டினால் வேகச் சாலை. நடுவில் நிறுத்துங்கள் என்றால் நிறுத்தமாட்டாரா என்று நீ நினைக்கலாம். நீ வயிற்றில் இருந்தபோது தலை சுற்றுகிறது, கடைவாசலில் நிறுத்துங்கள் என்று கெஞ்சியவளையே அடுத்த ஸ்டாப்பில்தான் இறக்கிவிட்டார், ஸ்டாப் இல்லாத இடத்தில் அப்பா வண்டியை நிறுத்தியதே கிடையாது. மில் ஸ்டாப் இப்போது அந்தச் சாலைக்கு நட்ட நடுவில் இருக்கிறது. தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நீ உன் வண்டியில் வேலைக்குப் போகும்போது தலைக்கவசத்தை மறக்காதே, நடைபாதையில் கிழவர் யாராவது மெதுவாகப் போனால் ஹாரன் அடிக்காதே. இருமலுக்கு வெந்நீர் குடி. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும். இது உன் கைக்கு வருவதற்குள் நாளை என்பது முடிந்துபோயிருக்கும், அதற்கு முன்பே என் குரலைப் போனில் கேட்டிருந்தாய் என்றால் இதைப் படித்துச் சிரித்துவிட்டுக் கிழித்துப் போடு. கேட்டிருக்காவிட்டால், வீட்டுச் சாவி முதலாளியம்மாவிடம், ஊதா நூல்கண்டு டப்பாவில் இருக்கிறது.

முதல் டிரிப்பில் ஏறப்போகும்,
உன் அம்மா