இரும்புக் கைக்கு அடியில்

மாமா,

இன்று காலை தாராபுரம் ரோட்டில் நம் பொக்லைனின் ஹோஸ் ஒன்று வெடித்தது. சூடான எண்ணெய் கண்ணாடி முழுக்கப் பீறிட்டு அடித்தது. உடனே வண்டியை அணைத்துவிட்டோம், யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் கருகின எண்ணெயும் செம்மண்ணும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் என் பல் தானாகக் கடித்துக்கொண்டது. கல்யாணம் ஆன நாள் முதல் உங்கள் சட்டையில் நான் துவைத்துத் தோற்ற வாசம் அது.

சில வருடங்களுக்கு முன் கொமரலிங்கத்தில், ஆற்றோரத் தோட்டத்தில் வாய்க்கால் தோண்டிக்கொண்டிருந்தீர்கள். ஹோஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. எங்கே கசிகிறது என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தீர்கள். ஊசி குத்தினதுபோல ஒரு புள்ளி, ரத்தம்கூட வரவில்லை. "எறும்பு கடிச்சாப்ல இருக்குது, விடு புள்ள" என்று சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தீர்கள். பொழுது சாய்வதற்குள் கை வீங்கிக் கறுத்துவிட்டது. எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டது, சதை செத்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை பிளந்து கழுவினார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

அதற்குப் பிறகுதான் நீங்கள் அடிக்கிற ஆள் ஆனீர்கள். கசிவைக் கையால் தேடிய டிரைவர்மேல் ஸ்பேனரை வீசினீர்கள். "கைக்குப் பதிலா ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருடா! கை உனக்கு மறுக்கா முளைக்குமா?" எஞ்சின் ஓடும்போதே டிராக்டருக்குப் பின்னால் சுழலும் ரொட்டவேட்டர் கத்திகளிடம் குனிந்தவனைக் கன்னத்தில் அறைந்தீர்கள். ஆட்கள் நிற்காமல் ஓடினார்கள். கடைசியில் டிராக்டரை ஓட்ட ஆளில்லாமல் நானே ஏறி உட்கார்ந்தேன். உங்களிடம் எனக்குப் பயமும் இருந்தது, வெறுப்பும் இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க மாமா, எதையும் அடிச்சுத்தான் சொல்லோணுமா?"

"செத்தவங்கிட்டச் சொல்ல முடியாது புள்ள."

நீங்கள் கடைசியாக வேலைக்குப் போன அன்று, திருப்பூருக்கு வெளியே ஒரு சாயப்பட்டறையில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டும் வேலை. ஒரு பக்கம் நம் வண்டி, இன்னொரு பக்கம் காண்ட்ராக்டரின் சொந்த வண்டி. நான் டீசல் கேன்களோடு டிராக்டரில் வந்து இறங்கினேன். காண்ட்ராக்டர் வண்டியின் பூம், அதுதான் அந்த நீண்ட இரும்புக் கை, அடிப்பக்கம் விரிசல் விட்டிருந்தது. அதை உயரத் தூக்கி நிறுத்திவிட்டு, அடியில் ஸ்டூல் போட்டு வெல்டர் பப்லுவை உட்கார வைத்திருந்தார்கள். பீகாரிலிருந்து வந்த ஆள். ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பதாக என்னிடம் சைகையில் சொல்லியிருந்தான்.

அந்தப் பூம் காலையிலிருந்தே தானாக இறங்குவதை நீங்கள் பார்த்திருந்தீர்கள். "எண்ணெய் சீல் போயிருச்சுங்க, தூக்கி வெச்சா நிக்காது. பூமைத் தரையில இறக்கிப் போட்டு வெல்டு வைங்க. இல்லீன்னா முட்டுக் குடுங்க" என்றீர்கள்.

"முட்டுக் குடுத்தா இன்னிக்கு வேலை போச்சு. உங்க வண்டியப் பாருங்க" என்றான் காண்ட்ராக்டர்.

அவன் வண்டியின் சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டீர்கள். பப்லுவின் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தீர்கள். அவன் திமிறினான், மறுபடி உள்ளே போகப் பார்த்தான், கூலி போய்விடுமே என்ற பயம் அவனுக்கு. ஓங்கி ஓர் அறை. மண்ணில் உருண்டு விழுந்தான்.

காண்ட்ராக்டரின் ஆட்கள் இருவர் உங்களைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். காண்ட்ராக்டர் இரும்புக் குழாயை எடுத்தான். முதல் அடி தோளில் விழுந்தது. நான் டிராக்டரிலிருந்து ஜாக்கிக் கம்பியை உருவிக்கொண்டு ஓடினேன். உங்களைப் பிடித்திருந்தவனின் தோளெலும்பில் என் பலம் முழுவதையும் இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. எனக்குப் பாவமாகவே இல்லை மாமா.

அப்போதுதான் பூம் விழுந்தது. சத்தம் காலடியில் அதிர்ந்தது. புழுதி அடங்கியபோது பப்லுவின் ஸ்டூல் தகடாகியிருந்தது, வெல்டிங் வயர் இரண்டாக அறுந்து கிடந்தது. பப்லு உட்கார்ந்தபடியே பின்னால் பின்னால் நகர்ந்தான்.

அத்தோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் தன் வண்டி கிடந்த கிடையைப் பார்த்த காண்ட்ராக்டர் உங்கள் பக்கம் திரும்பினான். நீங்கள் விழுந்த பூமைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். குழாய் உங்கள் பின்மண்டையில் இறங்கியது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை கண் திறந்தீர்கள். "அந்த இந்திக்காரன் சாப்புட்டானா?" என்றீர்கள். சாப்பிட்டான் என்று பொய் சொன்னேன். அன்றைக்கே காண்ட்ராக்டரின் ஆட்கள் அவனை ரயிலேற்றி அனுப்பிவிட்டிருந்தார்கள்.

வண்டியிலிருந்து தவறி விழுந்து இறந்துவிட்டார் என்று காண்ட்ராக்டர் தரப்பில் சொன்னார்கள். அங்கே நின்ற யாருமே எதையும் பார்க்கவில்லையாம். ஊர்ப் பெரியவர்கள் நம் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார்கள். "போனவரு போயிட்டாரு சாமி. நீயும் ஒருத்தன் எலும்ப முறிச்சிருக்கற. சமாதானமாப் போயிரு கண்ணு."

"முறிச்சது நெசந்தானுங்க. கோர்ட்டுலயும் அதையேதான் சொல்லப் போறேன்" என்றேன். சொன்னேன். எனக்கும் தண்டனை விதித்தார்கள், அபராதம் கட்டினேன்.

ஆனால் பப்லு வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சம்மன் கிடைத்ததும் யார் மிரட்டலையும் பொருட்படுத்தாமல் வந்தான். கூண்டில் நின்று இந்தியில் சொன்னதை ஒருவர் தமிழில் சொன்னார்: "அவர் என்னை அடித்தார். அடிக்காமல் விட்டிருந்தால் இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்." காண்ட்ராக்டர் ஜெயிலுக்குப் போனான். வெளியே வந்து பப்லு என் காலில் விழப்போனான். தடுத்து, பக்கத்து மெஸ்ஸுக்குக் கூட்டிப்போய் வயிறு நிறையச் சாப்பிட வைத்தேன். உங்களிடம் சொன்ன பொய்யை அப்படித்தான் உண்மையாக்க முடிந்தது.

போன மாதம் மூலனூரில் ஒரு முருங்கைத் தோட்டம் உழுதேன். தோட்டக்காரர் உங்கள் வயதுதான் இருப்பார். சுழலும் கத்திகளுக்குப் பக்கத்தில் வேட்டி காற்றில் பறக்க வந்து, சிக்கிய கொடியை இழுக்கக் குனிந்தார். எஞ்சினை அணைத்துக் குதித்தேன். அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வரப்புவரை இழுத்துக்கொண்டு போனேன். கை ஓங்கிவிட்டது.

"பொம்பள நீ எம்மேல கை வெக்கறயா?" என்று கத்தினார்.

அவர் மனைவி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. "ஒண்ணு வெய்யி அம்மிணி" என்றார். "நாஞ் சொல்லி என்னிக்குக் கேட்டாரு?"

கையை இறக்கிவிட்டேன், மாமா. நீங்கள் உயிரோடு இருந்தவரை நான் வெறுத்த உங்கள் கோபம்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. அதைக் கைவிடவும் மனமில்லை. அடிக்காமல் அதை எப்படி வைத்திருப்பது என்றுதான் ஒவ்வொரு நாளும் வண்டியில் ஏறும்போது யோசிக்கிறேன்.