எண் விசைகளில் காய்ந்த சந்தனம்

மச்சான்,

நேற்று அலுவலக பீரோவின் மேல்தட்டை ஒழித்தபோது அந்தப் பழைய கீபோர்டு கையில் வந்தது. தூசி தட்டுவதற்காகக் கவிழ்த்தேன். மேசைமேல் கொஞ்சம் மஞ்சள் பொடி உதிர்ந்தது. மோந்து பார்த்தேன், வாசம் போய்விட்டது. ஆனால் எண் விசைகளின் மேலும் என்டர் விசையின் மேலும், உங்கள் விரல் பட்ட இடத்தில் மட்டும், சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. எழுத்து விசைகள் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன.

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த ஆயுத பூஜை நாளைப் பற்றி நாம் ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை. நீங்கள் பேசவில்லை என்பதுதான் என் குறை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசிவிட்டு மறந்திருப்பேன்.

அந்த வெப்சைட் என் கையால் செய்தது. எட்டாவதோடு நின்றவன், புத்தகம் வாங்கி வைத்து, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல் கற்றுக்கொண்டேன். அன்றைக்குத் திருப்பூர் நெருப்பெரிச்சல் பக்கம் நம்மைப் போல் சின்ன கம்பெனி வைத்திருந்த எவரிடமும் அப்படி ஒன்று கிடையாது. ஒவ்வொரு பனியன் மாடலுக்கும் ஒரு பக்கம். சாம்பிளைப் பார்த்துவிட்டு வெளிநாட்டு பையர் சொல்ல வேண்டியதை அந்தப் பக்கத்தின் அடியிலேயே எழுதுவார். ஃபேக்ஸ் கூடாது, மெயில் கூடாது, எதுவானாலும் அங்கேதான் எழுத வேண்டும் என்று நான்தான் சண்டை போட்டு அவர்களைப் பழக்கினேன். அவர் அங்கே எழுதியதை வைத்துத்தான் நம் கட்டிங் மாஸ்டர் கத்தியை எடுப்பார்.

அந்த வருடம், வெப்சைட்டை வைத்திருந்த கம்பெனி தொழிலை மூடுவதாகக் கடிதம் போட்டது. ஆயுத பூஜை அன்று பகல் பன்னிரண்டு மணியோடு சர்வர் நின்றுவிடும் என்றார்கள். நான் வேறு கம்பெனியில் இடம் வாங்கினேன். முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் காப்பி எடுத்துப் புது இடத்தில் ஏற்றினேன். பக்கம் பக்கமாக எண்ணினேன். பழையதில் எத்தனையோ புதியதிலும் அத்தனை. பிறகு நம் வெப்சைட் பெயரைப் புது இடத்துக்கு மாற்றி எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் கம்பெனி முழுக்கப் பொரியும் சாம்பிராணியும். நிட்டிங் மிஷின், ஓவர்லாக் மிஷின், கட்டிங் கத்தி, கடைசியில் கம்ப்யூட்டர் டப்பா வரைக்கும் எல்லாவற்றுக்கும் நீங்களே சந்தனம் வைத்தீர்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. ஆட்களுக்கு இனிப்புக் கொடுத்து அனுப்பியாகிவிட்டது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு என் அறைக்கு வந்தீர்கள். மணி பதினொன்று தாண்டியிருந்தது.

"மாப்ள, நேத்து அஞ்சு மணிக்குக் காப்பி எடுத்தீங்க. அதுக்கப்புறம் அவங்க ஏதாச்சும் எழுதியிருந்தா அது எங்கீங்க போயிருக்கும்?"

"பேரை மாத்தியாச்சு, புது இடத்துக்கு வரும்."

"எல்லாருக்குமேவா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வீடு மாறினாலும் கொஞ்ச நாள் பழைய விலாசத்துக்கே கடிதம் போவதுபோல, பெயரை மாற்றினாலும் சில ஊர்க் கம்ப்யூட்டர்கள் ஒன்றிரண்டு நாள் பழைய இடத்துக்கே போகும். நான் அதைப் படித்திருந்தேன். படித்தும் பழைய இடத்தில் எழுதும் வசதியை நிறுத்தாமல் விட்டிருந்தேன்.

"யாரும் எழுதியிருக்க மாட்டாங்க மச்சான். ஊரே லீவு."

"நம்மூருதானுங்க லீவு. அவங்கூர்ல ஏதுங்க ஆயுத பூஜை?"

திருப்பூர் கதவைச் சாத்தினால் உலகமே கதவைச் சாத்திவிட்டது என்று நினைத்தவன் நான். அதை அந்த இடத்தில் ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

"எண்ணியாச்சு. ஒண்ணுகூடக் குறையல."

"எண்ணுனது சரிங்க. முடிச்சுத் தாண்டுச்சா?"

நீங்கள் நிட்டிங் மிஷினோடு வளர்ந்தவர். நூல் சுற்றிய கோனை மாற்றும்போது பழைய நூலின் வாலில் புது நூலை முடிச்சுப் போடுவீர்கள். அந்த முடிச்சு ஊசியைத் தாண்டுகிற வரைக்கும் பழைய கோனில் கை வைக்க விடமாட்டீர்கள். முன்னாலேயே எடுத்தால் நூல் அறுந்து துணி மொத்தமும் ஊசியை விட்டுக் கீழே விழுந்துவிடும். கம்ப்யூட்டர் தெரியாத நீங்கள் அதை வைத்து என்னைக் கேள்வி கேட்டது எனக்கு எரிச்சலாக இருந்தது. உங்கள் கேள்வி சரியாக இருந்தது அதைவிட எரிச்சல்.

"சாமி கும்பிட்டு வெச்ச சாமானத்தை நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாதுன்னு வருசா வருசம் சொல்றது நீங்கதானே? நான் தொடமாட்டேன்."

திருநீறு வைக்காதவன் சாமியின் பின்னால் ஒளிந்துகொண்டேன். சஷ்டி தவறாமல் விரதம் இருக்கிற நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். பக்கத்து ஹாலில் கட்டிங் மேசைமேல் குழந்தை பனியன் ஆர்டர் ஒன்றின் துணி அடுக்கடுக்காக விரித்துக் கிடந்தது. விஜயதசமி காலையில் முதல் வெட்டு. வெட்டிவிட்டால் பிறகு யார் என்ன எழுதியிருந்தாலும் பயனில்லை.

போய் மெயின் சுவிட்சைப் போட்டீர்கள். யு.பி.எஸ். கத்தியது. திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். அதுவரைக்கும் நீங்கள் அதில் உட்கார்ந்ததே இல்லை.

"எதை அமுக்கோணும்னு சொல்லுங்க."

மணி பதினொன்று நாற்பது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பெயர் புது இடத்துக்குப் போய்விட்டதால் பழைய இடத்துக்கு அந்த சர்வரின் எண்ணை அடித்துத்தான் போக முடியும். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். நீங்கள் தேடித் தேடி ஒற்றை விரலால் அமுக்கினீர்கள். ஒரு எண் தப்பிப்போய்த் திரும்ப முதலிலிருந்து. விரலின் ஈரச் சந்தனம் விசையில் ஒட்டியது. கடிகாரத்தைப் பார்த்தேன், உங்கள் விரலைப் பார்த்தேன். தள்ளி உட்காருங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் நான் தோற்றதாகிவிடும் என்று சொல்லவில்லை.

பக்கம் திறந்தது. நான் காப்பி எடுத்ததற்கு இரண்டு மணி நேரத்துக்குப் பின்னால் எழுதியது ஒன்று இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மெல்லத் திரும்பினீர்கள்.

"கொழந்தைக்குத் தலை நுழையலையாமாங்க மாப்ள. தோள்ல பட்டன் வெக்கற மாதிரி மாத்தோணுமாம். வெட்ட வேண்டாங்கறாங்க."

அப்போதுதான் கையை அவிழ்த்தேன். நீங்கள் எழுந்துகொண்டீர்கள். நான் உட்கார்ந்து பிரிண்ட் எடுத்து, மற்ற பக்கங்களையும் பார்த்து, விட்டுப்போயிருந்த மூன்று குறிப்புகளையும் புது இடத்தில் ஏற்றினேன். பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடத்தில் பழைய பக்கத்தை மறுபடி திறந்தேன். வரவில்லை.

நீங்கள் கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லி, புதிதாக ஒரு பொட்டுச் சந்தனம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். "முருகா, தப்பா எடுத்துக்காத" என்று அவனிடம்தான் சொன்னீர்கள். என்னிடம் ஒன்றும் இல்லை. நேராகக் கட்டிங் மாஸ்டர் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போய், "பையர் போன் பண்ணுனாங்க, நாளைக்கு வெட்ட வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். வாழ்நாளில் நீங்கள் சொன்ன பொய் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். என் தப்பை மூட அதைச் சொன்னீர்கள். என்னைக் கேட்டா சொன்னீர்கள்? அந்தக் கோபத்தில் ஒரு மாதம் உங்களோடு சேர்ந்து டீ குடிக்கப் போகவில்லை. அக்கா காரணம் கேட்டபோதும் நீங்கள் சொல்லவில்லை.

நேற்று கீபோர்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டேன். திருநெல்வேலியிலிருந்து வந்த அதே மனிதர்தான், இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார்.

"மாஸ்டர், அன்னைக்குப் போன் எதுவும் வரலைங்க. நான்தான் கோட்டை விட்டேன்" என்றேன்.

"தெரியும் அண்ணாச்சி" என்றார். "கையெல்லாம் சந்தனமா வந்து நின்னாரு. மறுநாள் ஆபீசுக்கு வந்து பாக்கேன், போனு பளபளன்னு இருக்கு, கீபோர்டுல எண்ணு மேல பூரா சந்தனம். எனக்குக் கண்ணு இல்லையா என்ன?"

"இத்தனை வருசம் ஏன் சொல்லலை?"

"நீங்க சொல்லுவீயள்னு அவரு காத்துக்கிட்டு இருந்தாரு. நடுவுல நான் யாரு?"

போன வாரம் வெப்சைட்டை மறுபடியும் வேறு இடத்துக்கு மாற்றினேன் மச்சான். பீரோவை ஒழித்ததே பழைய இடத்தின் கணக்கை முடிக்க வேண்டிய காகிதங்களைத் தேடித்தான். இந்தத் தடவை எழுதும் வசதியை முதலில் நிறுத்தினேன், பிறகுதான் காப்பி. பழைய இடத்தை இன்னும் விடவில்லை. தினமும் காலையில் எண்ணைப் போட்டு உள்ளே போய்ப் பார்க்கிறேன். முடிச்சுத் தாண்டுச்சா என்று வாய்விட்டே கேட்கிறேன். பக்கத்து மேசைக்காரர்கள் எனக்கு வயதாகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

கீபோர்டைத் துடைக்கவில்லை. உதிர்ந்த பொடியை மட்டும் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

நான் எண்ணியது சரிதான் மச்சான். ஐந்து மணி வரைக்கும் சரி.