மிராண்டா கட்டில்

29 அக்டோபர் 1946, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் பாவாடை முழங்கால் வரை நனைந்துவிட்டது. கணக்கில் இரண்டு தப்பு.

இதைப் பூகோள நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். விளக்குத் திரியை இறக்கி வைத்திருக்கிறேன். அம்மா எழுந்தால் பூகோளம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மணிலாவிலிருந்து பம்பாய் போகிற ஸ்பெயின் தேசத்து மதர் ஒருவர் மடத்தில் வந்து தங்கியிருக்கிறார். மதர் இனேஸ். உயரம். மூக்கு சிவப்பு. இன்று எங்கள் வகுப்புக்கு வந்தார். அவர் இங்கிலீஷில் பேச, டீச்சர் தமிழில் சொன்னார். எல்லாருடைய பேரையும் கேட்டார். நான் எழுந்து "பிலோமினா மிராண்டா" என்றதும் கை தட்டினார். எங்கள் ஊர்ப் பேர் என்றார். பின் பெஞ்சிலிருந்து இன்னொருத்தி எழுந்து "சூசையம்மாள் மிராண்டா" என்றாள். அதற்கும் தட்டினார்.

அவர் சொன்னது, மறப்பதற்கு முன்:

பேர் லத்தீன் பாஷை. பார்த்து அதிசயிக்கத் தகுந்தது என்று அர்த்தம்.
முதலில் மனிதருக்கு இட்ட பேர் இல்லை, ஊருக்கு இட்டது. மேட்டில் கோட்டை, கீழே ஆறு, சுற்றிலும் நன்றாகப் பார்க்கலாம். அப்படிப்பட்ட ஊர்கள் ஸ்பெயினிலும் உண்டு, போர்த்துக்கலிலும் உண்டு.
அந்த ஊரை விட்டு வேறிடம் போனவர்களை அந்த ஊர்ப் பேரால் கூப்பிட்டார்கள். அதுவே குடும்பப் பேர்.
இப்போது எங்கெங்கே: ஸ்பெயின், போர்த்துக்கல், மெக்சிகோ, பிரேசில், மணிலா, கோவா, கொழும்பு. இங்கே தூத்துக்குடியில் நாங்கள்.

உலகப் படத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அந்த விரல் போன இடமெல்லாம் எனக்குச் சொந்தம் என்று இருந்தது.

பிறகு அவரே கெடுத்தார். அவருடைய கிராமத்தில் ஒரு மிராண்டா கழுதை ஓட்டினாராம், எப்போதும் குடியாம். வகுப்பு முழுவதும் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.

அம்மா எப்போதும் சொல்வாள்: "நாமெல்லாம் கப்பித்தான் வம்சம்." போர்த்துக்கீசியர் கப்பலில் வந்த வெள்ளைக்காரக் கப்பித்தான். கி.யிடம் இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். (கி. என் சிநேகிதி. யாராவது எடுத்துப் படித்தால்? முழுப் பேர் எழுதமாட்டேன்.)

மணி அடித்ததும் சூசையம்மாள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். அவள் புன்னைக்காயல். அவள் அப்பா சங்கு குளிக்கிறவர். மடத்து போர்டிங்கில் மிராண்டா கட்டிலில் இருக்கிறாள். முத்து வியாபாரம் செய்த ஒரு மிராண்டா சாகும்போது எழுதி வைத்த கட்டில் அது. மிராண்டா குடும்பத்துப் பிள்ளை ஒருத்திக்குப் படுக்கை, சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். அந்தக் கட்டில் இல்லாவிட்டால் அவள் ஊருக்குப் போகவேண்டியதுதான். அவள் கை ஈரமாக இருந்தது. "கேட்டியா பிலோ, நாம ரெண்டு பேரும் ஒண்ணு!" என்றாள். சத்தமாக.

கி. சொன்னாள்: "ஏளா, சங்குக்காரி ஒனக்குத் தங்கச்சியா? அப்ப ஒங்க கப்பித்தானும் முங்கித்தான் சங்கு எடுத்தாரோ?"

கையை உதறினேன். "அவளுக்கு ஏது மிராண்டா? கட்டிலுக்காக ஒட்டிக்கிட்ட பேரு" என்றேன்.

சூசையம்மாள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

30 அக்டோபர், புதன்

தூறல். ஜலதோஷம்.

கி. டீச்சரிடம் சொல்லிவிட்டாள். டீச்சர் பெரிய மதரிடம். பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய மதருக்குத் திருச்சிப் பக்கம், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கடற்கரைச் சனங்களின் வழக்கம் அவருக்குத் தெரியாது. மேசைமேல் கட்டில் பத்திரம் விரித்து வைத்திருந்தது.

"நீ சொன்னது உண்மையா, பிலோமினா? யோசித்துச் சொல்."

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. வெளியே கி. நிற்கிறாள், கதவு திறந்திருக்கிறது.

"உண்மைதான் மதர். எங்கப்பா சொன்னாங்க."

அப்பா சொல்லவே இல்லை. அப்பா பேரைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

சூசையம்மாள் ஊருக்குப் போய் ஞானஸ்நானச் சீட்டு வாங்கி வரவேண்டுமாம். சரி. சீட்டில் மிராண்டா என்று இருக்கும். எல்லாம் சரியாகிவிடும். இதை மூன்று தடவை சொல்லிக்கொண்டேன்.

2 நவம்பர், சனி

கல்லறைத் திருநாள். மழை விட்டது. மெழுகுதிரி வாங்க அம்மாவோடு. பூ கிடைக்கவில்லை, அரளிதான்.

கல்லறையில் மதர் இனேஸ். ஒவ்வொரு கல்லாகக் குனிந்து வாசித்துக்கொண்டு வந்தார், டீச்சர் கூடவே. எங்கே பார்த்தாலும் மிராண்டா, கோமஸ், ரோட்ரிகோ. அவர் சொன்னார்: நானூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரையில் ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்தபோது, ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துக்கீசியன் பேரையே பிள்ளைகளுக்கு வைத்தார்கள். ஒருவனே ஒரு தெரு முழுவதற்கும் நின்றிருப்பான். ஆகவே பேர் ஒன்று என்பதால் இரத்தம் ஒன்று என்று இல்லை. ஸ்பெயின் இரத்தமும் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குக் காது சுட்டது.

"உன் மனிதர்கள் எங்கே?" என்று கேட்டார். பளிங்குச் சிலுவை வைத்த பெரிய கல்லறையைக் காட்டினேன். அது யாருடையது என்று எனக்குத் தெரியாது. அவர் அங்கே முழங்காலில் நின்று ஜெபித்தார். சேற்றில். எனக்காக.

வீட்டுக்கு வரும்போது கேட்டேன். "தாத்தா கல்லறை எங்கம்மா?"

"அது வேற ஊர்ல. மெழுகுதிரி மிச்சத்த எடுத்தியா?"

4 நவம்பர், திங்கள்

சூசையம்மாள் வந்துவிட்டாள். சீட்டும் வந்தது. பேர்: சூசையம்மாள். தகப்பன்: லாசர். தொழில்: சங்கு குளி. கீழத்தெரு. குடும்பப் பேர் என்ற இடத்தில் ஒரு கோடு. வெறும் கோடு.

பெரிய மதர் கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். நானும் இருந்தேன், கூப்பிட்டிருந்தார்கள்.

"எங்க ஊர்க் கோயில் உபதேசியாரு சொன்னாரு மதர், எங்க தெருவுல எல்லாருமே மிராண்டாதான். எத்தன தடவ எழுதன்னு கோடு போட்டுருவாங்களாம். அந்தக் காலத்துலேர்ந்தே அப்பிடித்தானாம்."

"அப்படி ஒரு வழக்கமா? எனக்கு எப்படித் தெரியும்?" பெரிய மதர் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். என் பக்கம் திரும்பினார். "உன் சீட்டையும் கொண்டு வா. அதில் எப்படி எழுதியிருக்கிறது பார்ப்போம்."

கி. மத்தியானம் எனக்கு முறுக்கு கொடுத்தாள். தின்றேன்.

5 நவம்பர், செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது.

அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது அலமாரியைத் திறந்தேன். தகரப் பெட்டிக்குள் சீட்டுகள். என்னுடையது தூத்துக்குடிக் கோயில் சீட்டு. பிலோமினா மிராண்டா என்று முழுதாக, நல்ல கையெழுத்து.

அதற்குக் கீழே ஒன்று, மடித்த இடத்தில் பிய்ந்தது. பேர்: பிரான்சிஸ். தகப்பன்: சவேரியார். தொழில்: சங்கு குளி. புன்னைக்காயல், கீழத்தெரு. குடும்பப் பேருக்கு ஒரு கோடு.

அப்பா.

எங்கள் அப்பா. கோட்டு போட்டு, தொப்பி வைத்து, கப்பல் கம்பெனிக்குப் போகிற அப்பா. துரைகளோடு இங்கிலீஷ் பேசுகிறவர். பாதிரி முதல் பால்காரர் வரை எல்லாரும் மிராண்டா என்றே கூப்பிடுகிற அப்பா.

சூசையம்மாள் தெரு. அதே கோடு.

இந்த ஒரு சீட்டைக் காட்டினால் போதும், அவள் சொன்ன வழக்கம் நிஜம் என்று பெரிய மதருக்குத் தெரிந்துவிடும். ஆனால் காட்டினால் கி.க்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். அம்மா என்னைக் கொன்றுவிடுவாள்.

மறுபடி மடித்து அடியில் வைத்தேன்.

6 நவம்பர், புதன்

என் சீட்டை மட்டும் கொண்டுபோனேன்.

பெரிய மதர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். சூசையம்மாள் சனிக்கிழமைக்குள் கட்டிலை விடவேண்டும். அவள் அழவில்லை. "சரி மதர்." அவ்வளவுதான்.

தையல் பாடம். விரலில் ஊசி குத்தியது. நன்றாக ஆழமாக. நல்லதுதான்.

9 நவம்பர், சனி

வாடைக்காற்று.

சூசையம்மாளின் அப்பா வந்து அவளை அழைத்துப்போனார். கேட்டுக்கு வெளியே மழையில் நின்றார், சிஸ்டர் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. "கால் சேறு சிஸ்டர், இங்கனயே நிக்கேன்." கண் இரண்டும் சிவப்பு, உப்புத் தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்குமாம். அவளுடைய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். போகும்போது வராந்தாவில் நின்ற என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"நல்லாப் படி தாயி" என்றார்.

கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம். கோபப்பட்டேன், ஜெபத்தில் பராக்கு பார்த்தேன், முறுக்கு திருடினேன் (திருடவில்லை, எதையாவது சொல்லவேண்டுமே). அதைச் சொல்லவில்லை. சாமியார் பாவப்பொறுத்தல் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். பாவத்தை மறைத்து வாங்கினால் அதுவே சாவான பாவம். ஞானோபதேசப் பரீட்சையில் இந்தக் கேள்விக்கு எனக்குத்தான் முழு மார்க்கு.

10 நவம்பர், ஞாயிறு

பூசையில் எல்லாரும் நன்மை அப்பம் வாங்க எழுந்து போனார்கள். சாவான பாவத்தோடு வாங்கக்கூடாது. நான் எழவில்லை. அம்மா தொடையில் கிள்ளினாள்.

"போளா."

"தண்ணி குடிச்சிட்டேம்மா. மறந்துபோய்."

"எரும."

நன்மை வாங்குகிற நாளில் அதற்கு முன் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. நான் குடிக்கவில்லை. கோயிலுக்குள்ளேயே பொய். நன்மை வாங்கித் திரும்பி வந்த அப்பா கண்ணை மூடி இருந்தார். பக்கவாட்டில் பார்த்தேன். முதல் தடவையாக ஒன்றைக் கவனித்தேன். அப்பாவுக்கும் கண் ஓரத்தில் சிவப்பு. கணக்கு எழுதி எழுதி என்றுதான் நினைத்திருந்தேன்.

இராத்திரி செத்துப்போனால் எங்கே போவேன் என்று தெரியும்.

11 நவம்பர், திங்கள்

கொடுத்துவிட்டேன்.

காலையில் அப்பாவின் சீட்டை ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுபோனேன். பெரிய மதர் அறையில் வேறு யாரும் இல்லை. மேசைமேல் வைத்தேன். விக்கல் வந்தது. அவர் வாசித்தார். கோட்டைப் பார்த்தார். தெருப் பேரைப் பார்த்தார்.

"இது யார்?"

"எங்கப்பா மதர். நான் சொன்னது பொய். எங்கப்பா ஒண்ணுமே சொல்லல."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "இதை நீ எடுத்து வந்தது அப்பாவுக்குத் தெரியுமா?" "தெரியாது மதர்." "அப்படியானால் அவர்தான் வந்து சொல்லவேண்டும்." ஆள் அனுப்பப் போகிறாராம்.

மதர் இனேஸ் இன்று பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டார். அந்தப் பளிங்குக் கல்லறையைப் பற்றி அவரிடம் சொல்லமுடியவில்லை.

12 நவம்பர், செவ்வாய்

அப்பா பதினொன்றரைக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

பெரிய மதர் சீட்டை நகர்த்தினார். அப்பா அதைத் தொடவில்லை. சுவர்க் கடிகாரச் சத்தம். இல்லை என்று சொல்லிவிடுவார், அது வேறு யாரோ பிரான்சிஸ் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

"என்னுதுதான் மதர். புன்னைக்காயல், கீழத்தெரு. எங்கய்யா சங்கு குளிச்சவரு. நானும் பதினாலு வயசு வரைக்கும் முங்கினேன். எங்க தெருவுல எல்லாத்துக்கும் கோடுதான். அந்தப் புள்ளையும் மிராண்டாதான்."

அலுவலகத்தில் பேசுகிற மாதிரி இல்லை. வேறு யாரோ பேசுகிற மாதிரி.

வாசலில் டீச்சர் இருந்தார். கி.யும் இருந்தாள்.

வீட்டுக்குப் போகிற வழி முழுவதும் அப்பா முன்னால், நான் பின்னால். வீட்டில் அம்மா: "தெருவுல இனி எப்பிடித் தலகாட்ட? பெத்த வயித்துல..." அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்தால் நன்றாக இருக்கும்.

15 நவம்பர், வெள்ளி

கி. வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். வகுப்பில் என்னைச் "சங்கு" என்று கூப்பிடுகிறார்கள். பக்கத்துப் பெஞ்சு காந்தியம்மா சங்கு ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்துக் காட்டுகிறாள்.

அப்பா இன்று உப்புப் போதவில்லை என்று சொன்னார். மூன்று நாளில் முதல் பேச்சு. என்னிடம் இல்லை, அம்மாவிடம்.

18 நவம்பர், திங்கள்

வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

சூசையம்மாள் திரும்பி வந்துவிட்டாள். பெரிய மதர் கடிதம் போட்டிருந்தார். கட்டிலில் மெத்தையை விரித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமையிலிருந்து மனப்பாடம் செய்த மன்னிப்பைச் சொன்னேன். பாதியில் மறந்துபோனது.

அவள் தலையணையைத் தட்டிக்கொண்டே, "எங்கப்பா ஒங்கப்பாவக் கேட்டாரு. பிராஞ்சி சொகமா இருக்கானான்னு. சின்ன வயசுல ரெண்டு பேரும் ஒரே வள்ளத்துலதான் போவாங்களாம். எங்கப்பா முங்கினா ஒங்கப்பாதான் கயிறு பிடிப்பாராம்" என்றாள்.

மெத்தை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அப்ப ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

"இங்க சேந்த அன்னைக்கே தெரியும். எங்கப்பாதான் சொன்னாரு, அங்க பிராஞ்சி மக இருக்கா, நீயாப் போய் ஒறவு சொல்லாத, அவங்களுக்குக் கூச்சமா இருக்கும்னு. அன்னைக்கு அந்த மதர் கை தட்டுனதும் மறந்துபோய் ஒங்கையப் பிடிச்சிட்டேன்."

"பெரிய மதர் கேட்டப்ப சொல்லியிருக்கலாமே. கட்டில் போயிருக்காதே."

"நீ பக்கத்துலதான நின்ன" என்றாள்.